கட்டளையிடுவோர் கவனத்திற்கு



சென்ற மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு மாலை வரை, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு தென்னந்தோப்பில் இருபத்தைந்து பெரிய மனிதர்கள் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். பலருக்குத் தலை நரைத்திருந்தது. ஒருவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர். சாரணர் படைகளை நடத்துகிறவர்களுக்கென்று ஏற்பட்ட குளிர்கால முகாம் அது. அந்த இருபத்தைந்து பேரில் அடியேனும் ஒருவன்.

முதல் நாள் மாலை, தோப்பு ஓரமாகப் பால் கொண்டுபோன ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி எங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, வீடு வாசல் இருக்கப்பட்டவங்க எதுக்கு இப்படிப் பனியில வந்து கெடக்கறீங்க? புள்ளைங்க கெடந்தாலும் அதுங்களுக்கு ஒரு வெளையாட்டுன்னு சொல்லலாம்."

நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் கேட்டது கூடாரத்தைப் பற்றி மாத்திரமன்று. பிறருக்குக் கட்டளையிடும் பொறுப்பில் இருப்பவன், தான் இடுகிற கட்டளையின் கீழ்த் தானே சில நாளாவது இருந்து பார்க்கக் கடமைப்பட்டவனா? அல்லது நல்ல எண்ணமும், படிப்பும், அனுபவசாலி என்ற பெயரும் அவனுக்குப் போதுமா? இதுவே அவர் கேள்வியின் உட்பொருள். வாசகரே, நீங்கள் சாரணராய் இருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒரு தகப்பனாரோ, மேஸ்திரியோ, அலுவலக அதிகாரியோ, மருமகள் வந்த வீட்டின் மாமியாரோ எதுவாய் இருந்தாலும், யாரோ ஒருவர் உங்கள் சொல்லுக்குக் கீழ்ப்பட்டு இருக்கிறார். ஆகையால் இக்கேள்வி உங்களையும் சேர்ந்ததே.

பெரியவர்களைக் கூடாரத்தில் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பேடன் பவல் என்னும் ஆங்கிலேயத் தளபதி, இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்ஸி என்ற சிறு தீவுக்கு ஏறத்தாழ இருபது சிறுவர்களை அழைத்துச் சென்றார். செல்வர் பள்ளிகளில் படித்தவர்களும் உழைப்பாளிகளின் மக்களும் அவர்களுள் கலந்திருந்தார்கள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக வைத்தார். சாரணர் இயக்கத்தின் முதல் முகாம் அதுவே. சில ஆண்டுகளுக்குள் இயக்கம் பல தேசங்களுக்கும் பரவிற்று. சிறுவர்கள் திரளாக வந்து சேர்ந்தார்கள். அவர்களை நடத்துவதற்குப் பெரியவர்களைப் பழக்க வேண்டிய அவசியம் உண்டாயிற்று.

1919-இல் லண்டனுக்கு அருகே, எப்பிங் காட்டின் ஓரத்தில், கில்வெல் என்னும் பூமியை மக்லாரன் என்ற தனவந்தர் இயக்கத்திற்கு வாங்கிக் கொடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 8 முதல் 19 வரை தலைவர்களுக்கான முதல் பயிற்சி அங்கே நடைபெற்றது. அப்பயிற்சியின் ஒழுங்கைக் கவனியுங்கள். வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பிரசங்கம் செய்து அனுப்பிவிடவில்லை. சிறுவர்களைப் பிரிப்பது போலவே அவர்களையும் அணிகளாகப் பிரித்தார்கள். கூடாரம் அடிப்பதும், விறகு தேடுவதும், சமைப்பதும், பாத்திரம் கழுவுவதும் அவர்கள் கையாலேயே நடந்தன. பயிற்சியை நிறைவேற்றியவர்களுக்குத் தங்கப்பதக்கம் கிடைக்கவில்லை. தோற்கயிற்றில் கோத்த இரண்டு சிறு மரமணிகள் கிடைத்தன. இன்றும் உலகமெங்கும் அந்த அடையாளமே வழங்கி வருகிறது.

பிரெஞ்சு தேசத்தில் 1920-இல் கத்தோலிக்கச் சாரணர் சங்கத்தை ஏற்படுத்தியவர்களில் முதன்மையான சேசு சபைக் குரு ழாக் செவேன் அவர்களும் கில்வெல்லுக்குச் சென்று தாமே பயிற்சி பெற்றவர்தாம். திரும்பி வந்த பிறகே பாரிஸுக்குத் தெற்கேயுள்ள சாமராந்து என்னுமிடத்தில் மற்றவர்களைப் பழக்கினார். 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிக்கையிட்டது.

நம் தேசத்து வரலாறு வேறு ஒரு பாடத்தையும் தருகிறது. 1909-இல் பெங்களூரில் முதற் படை தொடங்கியபோது, ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குத்தான் அதில் இடம் இருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு அடைத்திருந்தது. ஆகையால் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைப்பாகையும் இந்தியப் பாட்டும் அதில் இடம்பெற்றன. 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோதுதான் அந்தச் சங்கம் பெரிய சங்கத்தோடு இணைந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி, பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. மத்தியப் பிரதேசத்தில் பச்மரி மலைமேல், கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு அதிகமான உயரத்தில், அதன் தேசியப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அவ்வியக்கத்தின் வைர விழாப் பெருமுகாம் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நம் அண்டையில் மணப்பாறையிலேயே நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள்.

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ மாறின. உடுப்பு மாறிற்று, பாடத்திட்டம் மாறிற்று. பெரியவன் முதலில் சிறுவனைப் போல் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஒரு விதி மாத்திரம் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதற்கு நூல்களில் பல காரணங்கள் சொல்லப்படும். நான் என் முதுகினால் அறிந்த காரணத்தைச் சொல்லுகிறேன்.

எங்கள் அணியில் ஆறு பேர். தலைவர் பதவி முறை வைத்து மாறி மாறி வரும். முதல் நாள் அது எங்களுள் இளையவராகிய ஓர் உபாத்தியாயருக்கு வாய்த்தது. அவருக்கு வயது இருபத்தாறு. என் மகனைவிட இளையவர். அவர் என்னைப் பார்த்து, "சார், விறகெல்லாம் ஈரமா இருக்கு. நீங்க போய்ப் பன்னாடை பொறுக்கிட்டு வாங்க சார்" என்றார். ஒரு வாக்கியத்தில் இரண்டு "சார்" இருந்தது மெய்தான். ஆனால் அது கட்டளைதான். பள்ளிக்கூடத்தில் நான் தலைமை ஆசிரியராய் இருந்தவன். பன்னாடை பொறுக்கக் குனிந்தபோது இடுப்பு வலித்ததைவிட மனது சற்று அதிகமாக வலித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் அந்தக் கட்டளை சரியான கட்டளை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. சவுக்கு விறகு புகைந்ததேயன்றிப் பற்றவில்லை. காய்ந்த பன்னாடையைத் திணித்துத் தென்னம்பாளையைக் குறுக்கே வைத்த பிறகு தீ எழும்பிற்று. பொங்கல் அடிபிடித்தது, எல்லாரும் உண்டோம். இரவில் பாடித்தீயைச் சுற்றி உட்கார்ந்து, குழந்தைகளைப் போலக் கை தட்டிப் பாடினோம்.

பிறகு படுத்தோம். வாசகரே, நம் நாட்டுக் குளிர் பெரிய குளிர் அன்று. புதுச்சேரியில் மார்கழி, தை மாதத்து விடியற்காலைகளில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். வடதேசத்தார் கேட்டால் நகைப்பார்கள். ஆனால் தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியோர் சொல்லிவைத்ததில் பொருள் உண்டு. மழையில் ஊறிய தரை, மேலே பனி, நடுவே மனுஷ சரீரம். நான் வீட்டிலிருந்து மிகக் கனமான கம்பளி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். கீழே ஒரு துப்பட்டியை விரித்து, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நடுச்சாமத்திற்கு மேல் விழிப்பு வந்துவிட்டது. மேலே கம்பளி கனமாகத்தான் இருந்தது. குளிரோ முதுகுப் பக்கத்திலிருந்து ஏறிற்று. புரண்டேன், எழுந்து உட்கார்ந்தேன், மறுபடி படுத்தேன். உறக்கம் வரவில்லை.

அணித் தலைவர் விளக்கோடு வந்தார். "சார், கீழ என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய், இரண்டு கோணிச் சாக்குகளும் ஒரு கட்டு வைக்கோலும் கொண்டுவந்து, என்னை எழுப்பி, கீழே பரப்பி, மேலே துப்பட்டியை விரித்தார். "இப்பப் படுங்க சார்" என்றார். படுத்தேன். அரைமணி நேரத்தில் உறங்கிப்போனேன். மூலநாதர் கோயில் மணி ஓசை கேட்டுத்தான் கண் விழித்தேன்.

இதன் காரணம் எளிது. ஈரத்தரை, உடம்பின் சூட்டைக் காற்றைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். வைக்கோலும் சாக்கும் தம்முள் காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதால் சூடு கீழே இறங்குவதில்லை. மேலே எத்தனை கம்பளி போர்த்தாலும் இதற்கு ஈடாகாது. வட அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், உறைபனியில் முகாமிடச் சாரணர்களுக்கும் அவர்கள் தலைவர்களுக்கும் ஒரு தனிப் பயிற்சி உண்டு. அதற்குப் பனி ஆந்தையின் பெயரை, இனூயிட் மொழியில் ஒக்பிக் என்று இட்டிருக்கிறார்கள். தண்ணீர் கல்லாய் உறையும் அந்தத் தேசத்திலும், படுக்கைக்குக் கீழே விரிப்பதைப் பற்றிய எச்சரிக்கை தலையாயது. மினசோட்டாக்காரன் அறிந்ததை நம் ஏரிக்கரைக் குடிசைவாசியும் அறிவான். அறியாதவன் நான்.

அன்று காலை சுக்குக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு காகிதம் என் நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளாகச் சாரணர் முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, கொண்டுவர வேண்டிய சாமான்களின் ஜாபிதா ஒன்றை நான் தட்டச்சு செய்து கொடுப்பது வழக்கம். தட்டு, டம்ளர், டார்ச் விளக்கு, கயிறு, மாற்று உடை, துப்பட்டி ஒன்று, கனமான கம்பளி ஒன்று. கீழே விரிக்கச் சாக்கோ பாயோ அந்த ஜாபிதாவில் இல்லை. ஏன் இல்லை? நான் பயிற்சி பெற்றது கோடை விடுமுறையில். அப்போது இரவிலும் தரை வெதுவெதுப்பாய் இருக்கும். குளிர்காலத்தில் பிள்ளைகளோடு முகாமுக்குப் போனபோதெல்லாம், நான் அருகிலிருந்த கட்டடத்தின் தாழ்வாரத்தில் பெஞ்சின்மேல் படுத்தேன். சாமான்களுக்குக் காவல் வேண்டுமே என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம்.

அப்படிப்பட்ட ஒரு முகாமில், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரவெல்லாம் நடுங்கினான். மறுநாள் இருமலும் காய்ச்சலுமாக வீடு திரும்பினான். காய்ச்சலுக்குக் குளிர் மாத்திரமே காரணம் என்று வைத்தியர் ஒப்பமாட்டார். ஆனால் நான் மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் அவனை நோஞ்சான் என்று சொன்னதற்கு எந்த வைத்தியரும் பொறுப்பல்லர். அவன் அதன்பின் சாரணர் உடுப்பை அணியவில்லை. நானும் அவனைக் கூப்பிடவில்லை.

முகாம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு அவனைத் தேடிப் போனேன். வில்லியனூர்ப் பக்கம் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். கையில் எண்ணெய்க் கறையோடு எழுந்து நின்று, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கி வரச் சொன்னான். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தக் காகிதத்தில் ஒரு குறை இருந்தது, குறை என்னுடையது, பழியை உன்மேல் போட்டுவிட்டேன் என்றேன்.

அவன் சிரித்தான். "அதையா சார் இன்னும் நெனச்சிட்டிருக்கீங்க?" என்றான். பிறகு சொன்னான்: "எங்க வீட்டுல எல்லாரும் சாக்கு மேலதான் சார் படுப்போம். எங்க அம்மா அன்னிக்கு ஒரு சாக்கை மடிச்சு எடுத்து வச்சாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நீங்க குடுத்த பேப்பர்ல அது இல்லையே சார்."

வாசகரே, பாலுக்குப் போன பெரியவரின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது அந்தப் பட்டறையில்தான்.

நான் அறியாதது ஒரு குறை, அது மன்னிக்கத்தக்கது. எல்லாம் அறிந்தவர் யார்? ஆனால் அந்தப் பையன் அறிந்திருந்தான். அவன் தாயாரும் அறிந்திருந்தார். சாக்கும் வீட்டில் இருந்தது. என் காகிதம் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் கையிலிருந்த அறிவையும் சாக்கையும் கீழே வைக்கச் செய்துவிட்டது. அவன் கீழ்ப்படியாத பிள்ளையாய் இருந்திருந்தால் சுகமாய் உறங்கியிருப்பான். நல்ல பிள்ளையாய் இருந்தபடியால் நடுங்கினான்.

கட்டளைக்கு உள்ள இந்த வல்லமையை நாம் சிந்திப்பதேயில்லை. கட்டளையிடுகிறவன் தன் அறிவை மற்றவனுக்குக் கொடுப்பதாக நினைக்கிறான். சில வேளை கொடுக்கிறான். சில வேளை மற்றவனுடைய அறிவைப் பிடுங்கிக்கொள்கிறான். அதிலும் அன்பும் மரியாதையும் உள்ள இடத்தில் இது அதிகம் நடக்கும். ஏனெனில் அங்கேதான் கீழ்ப்பட்டவன் தன் சொந்தப் புத்தியை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே உள்ளவன் சொல்லை நம்புகிறான். ஆகையால் எவ்வளவுக்கு நம்மை நம்புகிறார்களோ, அவ்வளவுக்கு நாம் கீழே இறங்கிப் படுத்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இதுவே நான் சொல்ல வந்தது.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு. அவற்றையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்போம்.

"வைத்தியர் ஒவ்வொரு நோயையும் தாம் பட்டா வைத்தியம் பார்க்கிறார்? நீதிபதி சிறைக்குப் போய் வந்தா தீர்ப்புச் சொல்லுகிறார்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வைத்தியர் நோயைப் பட வேண்டியதில்லை; ஆனால் அவர், "எங்கே வலிக்கிறது?" என்று நோயாளியைக் கேட்டல்லவா மருந்து எழுதுகிறார்? கேட்காத வைத்தியரிடம் நீங்கள் இரண்டாம் முறை போகமாட்டீர்கள். நீதிபதியும் இரு கட்சியின் வழக்கையும் கேட்கிறார். கேட்கும் வழக்கம் உள்ளவனுக்கு எல்லாவற்றையும் தானே பட வேண்டிய அவசியம் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளை நடத்துகிறவர்களாகிய நாம், "நேற்றிரவு எப்படி உறங்கினாய்? உங்கள் வீட்டில் எதன்மேல் படுப்பீர்கள்?" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கேட்டாலும், வாத்தியார் முன் நின்று, "உங்கள் ஜாபிதா தப்பு" என்று சொல்லும் தைரியம் எந்தப் பையனுக்கு வரும்? அவர்கள் சொல்லத் துணியாததை நம் முதுகு நமக்குச் சொல்லுகிறது.

இரண்டாவது ஆட்சேபணை இதைவிடக் கனமானது. "இரண்டு இரவு கூடாரத்தில் கிடந்துவிட்டு ஏழையின் கஷ்டத்தை அறிந்துகொண்டதாகச் சொல்வது பாசாங்கு அல்லவா? ஞாயிறு மாலை உங்களுக்கு வீடு இருக்கிறது." இது முற்றிலும் உண்மை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது கூரை இழந்தவர்களை நாம் கண்டோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயலில், ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை புதுச்சேரியில் கொட்டிற்று. அடுத்த சில நாட்களுக்குள் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வர, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. நடவு மூழ்கியவனும், பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்து மாடியில் ஒதுங்கியவளும், எங்கள் முகாமைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நாங்களே விரும்பிப் போய் நாங்களே திரும்பி வந்த குளிரை, அவர்கள் பட்டதோடு ஒப்பிடுவது பாவம் என்றே சொல்லுவேன்.

ஆனால் முகாமிலிருந்து நான் கொண்டுவந்தது ஏழையின் கஷ்டத்தைப் பற்றிய அறிவு அன்று. என் அறியாமையைப் பற்றிய அறிவு. அது சிறியது, ஆனால் அதற்கு இரண்டு இரவுகள் போதும். பட்டினி இன்னதென்று தெரிந்துகொண்டேன் என்று சொல்லுகிறவன் பொய்யன். என் காகிதத்தில் ஒரு சாக்கு விட்டுப்போயிற்று என்று தெரிந்துகொண்டேன் என்று சொல்லுகிறவன் மெய்யன். அவன் மறுநாளே அந்தக் காகிதத்தைத் திருத்தலாம்.

மூன்றாவது, "இளையவர் முன் தாழ்ந்து நின்றால் மரியாதை போய்விடாதா?" என்பது. நான் பன்னாடை பொறுக்கியதை அந்த இளைஞர் கண்டார். நடுச்சாமத்தில் நடுங்கியதையும் கண்டார். மறுநாள் தலைவர் முறை எனக்கு வந்தது. நான் சொன்ன வேலையை அவர் ஒருமுறையாவது முகம் சுளித்துச் செய்யவில்லை. தாழ்ந்து நின்றதால் போகிற மரியாதை, முன்னமே உள்ளே அரித்துப்போன மரியாதையாகத்தான் இருக்கும்.

ஞாயிறு காலையில் எங்களுள் கத்தோலிக்கராகிய நால்வர் சைக்கிளில் பூசைக்குப் போய் வந்தோம். நாங்கள் வரும்வரை மற்றவர்கள் காலை உணவுக்குக் காத்திருந்தார்கள். பிறகு சாரணர் வழக்கப்படி எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து நின்று பிரார்த்தனை செய்தோம். மாலையில் கூடாரத்தை அவிழ்த்து, அடுப்புக்குழியை மூடி, கடைசித் துண்டுக் காகிதத்தையும் பொறுக்கிவிட்டுப் புறப்பட்டோம். சாக்கு இரண்டையும் உதறி மடித்து அணித் தலைவரிடம் கொடுத்தேன்.

பாகூர் கல்விக்குப் பெயர்பெற்ற பழைய ஊர். பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்லுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்து வருகிற மண்ணில், கற்பிக்கிறவன் கற்க வேண்டியதை நான் இத்தனை பிந்திக் கற்றேனே என்று வெட்கமாய்த்தான் இருக்கிறது. பிந்தியாவது கற்றேன் என்பது ஒரு ஆறுதல்.

இனி உங்கள் காரியம், வாசகரே. கூடாரம் எல்லாருக்கும் வாய்க்காது, அவசியமும் இல்லை. நீங்கள் உபாத்தியாயராய் இருந்தால், இந்த வாரம் ஒரு நாள் உங்கள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் நீங்கள் எழுதியது அங்கிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். அதிகாரியாய் இருந்தால், உங்கள் அலுவலகத்துக்கு வெளியே நிற்கும் வரிசையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். நிழல் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியும். வயலில் ஆள் விடுகிறவராய் இருந்தால், ஒரு முழுப் பொழுது அவர்களோடு சேற்றில் குனியுங்கள். வீட்டுத் தலைவராய் இருந்தால், அடுப்பங்கரையில் மத்தியான வேளையில் ஒரு நாள் வேலை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு சாக்கு உங்கள் ஜாபிதாவிலும் விட்டுப்போயிருக்கும்.

அதைக் கண்டுபிடித்தால், ஜாபிதாவைத் திருத்துவதோடு நின்றுவிடாதீர்கள். அதனால் யாராவது நடுங்கியிருந்தால், அவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் சிரித்து, மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். சொல்லட்டும். அவர் மறந்தாரா இல்லையா என்பது அவருடைய காரியம். போய்ச் சொல்ல வேண்டியது நம்முடைய காரியம்.

இவ்வாண்டு முகாமுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காகிதத்தை மறுபடி தட்டச்சு செய்துவிட்டேன். கம்பளிக்கு மேல் வரியில், முதலாவதாக, "கீழே விரிக்கச் சாக்கு இரண்டு" என்று சேர்த்திருக்கிறேன். கடைசி வரியில் இன்னொன்றும் சேர்த்தேன்: "இதில் இல்லாத ஏதாவது வேண்டும் என்று உங்கள் அம்மா சொன்னால், அதையும் எடுத்து வரவும்."